மூளையைப் படிக்க டொக்டராகத்தான் வேண்டுமா? ஒரு பாடம் பிறந்த கதை

பதிவு நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, உயிரியல் பிரிவில் படித்த நம் பழைய மாணவி ஒருவர் தன் வாப்பாவுடன் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று பாடமும் நல்ல சித்தி. ஆனால் மருத்துவத்துக்கு இசட் புள்ளி காணாது. "வீடு மையத்து வீடு மாதிரிக் கிடக்கு சேர்" என்றார் வாப்பா. பிள்ளை அழவில்லை. தேநீர் குடித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சேர், வெளிநாட்டு கம்பஸ்ல நியூரோசயன்ஸ் என்று ஒரு டிகிரி இருக்காம். டொக்டருக்குப் படிக்காமலே மூளையைப் பற்றிப் படிக்கலாமாம். உண்மையா?" நாம் வாய் திறக்குமுன் வாப்பா சொன்னார்: "அது பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற படிப்பாக்கும் மகள்."

உண்மைதான், அப்படியொரு பட்டம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்கள் போன பிறகு அந்தப் பதில் நமக்கே போதவில்லை. அந்தப் பாடம் எங்கே பிறந்தது, யார் பிறப்பித்தார்கள், அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதை முதற் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை உண்மையில் என்ன படிக்கிறது? இரண்டு மூன்று வாரமாக இரவில் இருந்து வாசித்ததை இங்கே எழுதுகிறோம். வைத்தியத்துறை உறவுகள் பிழை கண்டால் திருத்துங்கள்.

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் கல்வி உளவியல் படித்த எல்லோருக்கும் மூன்று பிராணிகள் ஞாபகம் இருக்கும். தோண்டைக்கின் பூனை, பவ்லோவின் நாய், ஸ்கின்னரின் எலி. பூனை பெட்டிக்குள் இருந்து தப்பப் பழகும், நாய் மணியோசைக்கு எச்சில் வடிக்கும், எலி நெம்பை அழுத்தி உணவு எடுக்கும். நாங்கள் இதையெல்லாம் மனனம் செய்து பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பிராணிகளின் தலைக்குள் அந்நேரம் என்ன நடந்தது என்று அந்தக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கற்பித்தலைத் தொழிலாகக் கொள்ளப் போகிற நூற்றுக்கணக்கானவர்கள், கற்றல் உடம்பின் எந்த உறுப்பில் நடக்கிறது என்பதைப் படிக்காமலே வெளியே வந்தோம். இதில் கலாசாலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுக்க உளவியல் உலகமே அப்படித்தான் இருந்தது. வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம், உள்ளே இருப்பது நமது வேலையல்ல என்பதுதான் அன்றைய கட்சி. மூளை வைத்தியபீடத்தின் சொத்தாக இருந்தது. அங்கேயும் பெரும்பாலும் நோய் வந்த மூளைதான் பேச்சு.

அந்தச் சுவரில் தலையை மோதியவர்களில் ஒருவர் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்கர். எலிகளுக்குச் சிக்கலான பாதைகளைப் பழக்கிவிட்டு, மூளைப் புறணியை ஒவ்வோர் இடமாக வெட்டிப் பார்த்தார். ஞாபகம் இருக்கும் இடத்தை வெட்டினால் பாதை மறந்துபோகும் என்பது கணக்கு. அவர் கண்டது வேறு. எங்கே வெட்டினோம் என்பதைவிட எவ்வளவு வெட்டினோம் என்பதுதான் மறதியைத் தீர்மானித்தது. முப்பது வருடத் தேடலை 1950 இல் ஒரு கட்டுரையாக எழுதியபோது, இந்தச் சான்றுகளையெல்லாம் பார்த்தால் கற்றல் என்ற ஒன்று நடக்கவே முடியாது போலிருக்கிறது என்று தன்னைத்தானே கிண்டல் செய்தார்.

இதே லாஷ்லி 1917 இல் ஒரு சிறிய கட்டுரை எழுதியிருந்தார். எலிகளுக்கு ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் பாதை பழகும் வேகம் கூடுகிறது என்பது அதன் செய்தி. ஸ்ட்ரிக்னின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? எட்டிக்கொட்டை. நம் காட்டோரங்களில் நிற்கும் அதே எட்டி மரம்தான். பழுத்தாலும் ஒருவருக்கும் உதவாது என்று பழமொழியில் திட்டு வாங்கும் மரம். (யாரும் பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வந்து மரணம்.) நாற்பது வருடங்களுக்குப் பிறகு, கலிபோர்னியாவின் பேர்க்லி அரச பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மெக்கோ என்ற இளைஞர் அந்த வழியைத் திரும்பவும் எடுத்தார். பாடம் பழகுமுன் மருந்து கொடுத்தால், எலி உசாராக இருந்ததால் படித்ததா, ஞாபகம் வலுத்ததால் படித்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அவரும் கூட்டாளிகளும் பாடம் முடிந்த பிறகு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் எலிகள் முன்னையதைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாடம் முடிந்தவுடன் ஞாபகம் முடிந்துவிடவில்லை. மணி அடித்து, பிள்ளை புத்தகத்தை மூடிய பிறகும் தலைக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. சீமெந்து இறுகுவது போல அது இறுக நேரம் எடுக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நம் நேரசூசியை வைத்துக்கொண்டு இதை வாசித்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது.

மெக்கோ வைத்தியர் அல்லர். சன் ஹொசேயில் இருந்த அரச கல்லூரியில் முதற் பட்டம் பெற்று உளவியலுக்குள் வந்தவர். அவருடைய கேள்வி உளவியலா, விலங்கியலா, இரசாயனவியலா, மருத்துவமா? எந்தத் துறையின் கதவைத் தட்டினாலும் "இது எங்களுடையதல்ல" என்று சொல்லக்கூடிய கேள்வி அது. பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் அதற்கென்று புதுத் துறை கேட்டால், இருக்கிற துறைத் தலைவர்களெல்லாம் சண்டைக்கு வந்திருப்பார்கள். நல்ல காலம், அந்நேரம் கலிபோர்னியாவில் பழைய துறையே இல்லாத ஒரு பல்கலைக்கழகம் எழும்பிக்கொண்டிருந்தது.

1960 இல் கலிபோர்னியா மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. முன்னின்றவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கேர். பாடசாலை முடிக்கும் மாணவரில் தலைசிறந்த எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இடம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளில் இடம். மற்ற எல்லோருக்கும் இரண்டு வருடக் கல்லூரிகள் திறந்திருக்கும், அங்கே நன்றாகச் செய்தால் மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். மாநிலத்துப் பிள்ளைகளிடம் கற்பித்தலுக்குக் கட்டணம் அறவிடுவதில்லை என்ற பழைய கொள்கையையும் அந்தத் திட்டம் உறுதிப்படுத்தியது. கன்னங்கராவின் இலவசக் கல்வியில் படித்து வந்த நமக்கு இது அந்நியமான எண்ணமல்ல. நமக்கு அந்நியமாகப் பட்டது அந்த இரண்டாவது கதவுதான். நம்மிடம் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பங்கு வைத்த பிறகு, வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு அடுத்த கதவு எங்கே என்று பாடசாலையில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆசிரியர்களான நாமும்தான்.

பிள்ளைகள் பெருகியதால் புது வளாகங்கள் தேவைப்பட்டன. அதில் ஒன்று லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே, மாடு மேய்ந்த ஏர்வைன் பண்ணை நிலத்தில் அமைந்தது. காணிக் கம்பனி 1,000 ஏக்கரை ஒரே ஒரு டொலருக்குக் கொடுத்தது. 1964 ஜூன் 20 இல் ஜனாதிபதி ஜோன்சன் வந்து வளாகத்தை அர்ப்பணித்தார். 1965 ஒக்டோபரில் 1,589 மாணவருடன் வகுப்புத் தொடங்கியது. 1990 களில் ஒலுவில் வெளியில் நம் பல்கலைக்கழகம் எழும்பியதைக் கண்ட மூத்தவர்களுக்கு அந்தப் புழுதியும் சந்தோசமும் விளங்கும். ஒரு பக்கக் கதை: முதல் வருட மாணவர்கள் வாக்களித்துத் தங்கள் சின்னமாக எறும்புதின்னியைத் தெரிந்தெடுத்தார்கள். இன்றுவரை அதுதான் சின்னம்.

உயிரியல் பீடத்தை அமைக்க வந்தவர் எட்வேட் ஸ்டைன்ஹவுஸ். பூச்சிகளுக்கு வரும் நோய்களை ஆராய்ந்தவர். தாவரவியல், விலங்கியல் என்று உயிரினத்தின் பெயரால் துறை பிரிக்கும் வழக்கத்தை அவர் கைவிட்டார். மூலக்கூறும் கலமும் ஒரு துறை, முழு உயிரி ஒரு துறை, குடித்தொகையும் சூழலும் ஒரு துறை. நான்காவதாக, மூளையும் நடத்தையும் ஒரு துறை. அந்த நான்காவதுக்கு சைக்கோபயாலஜி, அதாவது உள உயிரியல் என்று பெயர் வைத்தார்கள். முதல் தலைவராக 1964 இல் அழைக்கப்பட்டவர் மெக்கோ. அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில், ஏறத்தாழ நம் வயதில் இருந்தார். நாம் இந்த வயதில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறோம், அது வேறு கதை.

நடத்தையின் உயிரியலுக்கென்றே அமைந்த உலகின் முதல் பல்கலைக்கழகத் துறை என்று அதைச் சொல்வார்கள். நம் கதைக்கு முக்கியமானது, அது உயிரியல் பீடத்துக்குள் அமைந்தது என்பதுதான். வைத்தியபீடத்துக்குள் இருந்திருந்தால் மூளைக்குப் போகும் வழி பழையபடி டொக்டர் வழிதான். இங்கே பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளை உயிரியல் படிக்க வந்து, அப்படியே மூளைக்குள் போக வழி கிடைத்தது. நியூரோசயன்ஸ் என்ற பெயரே அந்தக் காலத்தில்தான் ஊன்றியது. 1969 இல் அமெரிக்காவில் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. 1971 இல் வாஷிங்டனில் நடந்த முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். இன்று ஏர்வைனில் அந்தத் துறையின் பெயர் நரம்பு உயிரியலும் நடத்தையும். நரம்பு உயிரியல் என்ற பெயரிலேயே இளமாணிப் பட்டம் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் நியூரோசயன்ஸ் என்ற பெயரிலேயே உண்டு.

அந்தத் துறையிலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பை மட்டும் சொல்கிறோம். நம் ஊருக்கு அது தூரத்து விடயமல்ல.

பயமோ அதிர்ச்சியோ வந்தால் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி அதிரினலின் என்ற ஓமோனை விடுகிறது என்று சாதாரண தரத்திலேயே படித்திருக்கிறோம். ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயாராக்கும் என்பதோடு புத்தகம் நிறுத்திக்கொள்ளும். மெக்கோவின் ஆய்வுகூடம் அடுத்த அடியை வைத்தது. அந்த ஓமோன்கள் ஞாபகத்தையும் இறுக்குகின்றன. மூளைக்குள் வாதுமைப் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி வழியாக, "இதை விடாதே, பிடித்து வை" என்பதைப் போன்ற ஒரு கட்டளை மற்றப் பகுதிகளுக்குப் போகிறது. 1994 இல் லரி கேஹில், மெக்கோ ஆகியோர் மனிதரில் ஒரு சோதனை செய்தார்கள். படங்களோடு ஒரு கதை. ஒரு சிறுவன் வாகனத்தில் அடிபடுவது அதில் வரும். பார்க்க வந்தவர்களில் சிலருக்கு புரொப்பிரனலோல் குளிசை, மற்றவர்களுக்கு வெறும் குளிசை. நம் கிளினிக்குகளில் இதயத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் அதே புரொப்பிரனலோல்தான், அதிரினலினின் வேலையைத் தடுப்பது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வெறும் குளிசை குடித்தவர்கள் விபத்துப் பகுதியைத்தான் கூடத் தெளிவாகச் சொன்னார்கள். புரொப்பிரனலோல் குடித்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெளிவு இல்லை. சாதாரணப் பகுதிகளில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. (குளிசை குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம்!)

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாம் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்கு முந்திய ஞாயிறு காலையில் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்காவது தெரியுமா? ஆனால் அந்த ஞாயிறு? யார் எந்த நிறச் சேட்டு போட்டிருந்தார், எந்த வேலியைப் பிடித்தோம், தண்ணீர் வரும்போது கேட்ட சத்தம், பிறகு வந்த அமைதி. சாய்ந்தமருதில், மருதமுனையில், கல்முனைக்குடியில் ஐம்பது வயதைக் கடந்த உம்மாமார் இன்றும் கடற்காற்று கொஞ்சம் கூடினால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். நாம் அவர்களை "இன்னும் மறக்கல்லியா?" என்று கேட்டிருக்கிறோம். சில நேரம் ஈமான் குறைவு என்றும் சொல்லியிருக்கிறோம். இந்த ஆய்வுகளை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தக் காலையை அவர்கள் விரும்பிப் பிடித்து வைத்திருக்கவில்லை. உடம்பு பிடித்து வைத்தது.

2000 இல் ஒரு பெண் மெக்கோவுக்குக் கடிதம் எழுதினார். சிறு வயதிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் தனக்கு ஞாபகமிருக்கிறது, நிறுத்த முடியவில்லை, அது ஒரு சுமை என்று. ஆறு வருடம் பரிசோதித்து 2006 இல் அவரைப் பற்றி எழுதினார்கள். மறதியும் ஒரு நிஃமத்து என்று நம் மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டிருப்பார்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்காக இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மரியன் டயமண்ட். பேர்க்லி உடலமைப்பியல் துறையின் முதல் பெண் பட்டப்பின் மாணவி. 1964 இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டுப் பொருளும் கூட்டாளிகளும் நிறைந்த கூட்டில் வளர்ந்த எலியின் மூளைப் புறணி, தனிமையில் கிடந்த எலியினதைவிடத் தடிப்பாக இருப்பதைக் காட்டியது. மூளை பிறந்தபடியே இருக்கும் என்று நம்பிய காலம் அது. பட்டதாரி மாணவருக்கு மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான இளமாணி மாணவர் நிறைந்த மண்டபத்துக்கும் அவரே போய்க் கற்பித்தார். பூப்போட்ட தொப்பிப் பெட்டி ஒன்றோடு மேடைக்கு வருவார். கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து, உள்ளிருந்து மனித மூளையை எடுத்துக் காட்டுவார். எண்பது வயது தாண்டியும் கற்பித்தார்.

சரி, பிள்ளை என்னதான் படிக்கும்? முதல் இரண்டு வருடம் நம் உயர்தரத்தின் தொடர்ச்சிதான். இரசாயனவியல், அதில் சேதன இரசாயனம் தனியாக, பௌதிகவியல், கணிதம், புள்ளிவிபரவியல், கலமும் பரம்பரையலகும். மூளையென்று நினைத்து வருகிற பலர் இங்கேயே களைத்துப்போகிறார்கள். பிறகுதான் நரம்புக்கலம். சும்மா இருக்கும் நரம்புக்கலத்தின் உள்ளே வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று குறைவு. சோடியமும் பொற்றாசியமும் கதவு திறந்து ஓடும்போது செய்தி ஓடுகிறது. இதை 1952 இல் கணக்குப் போட்டுக் காட்டிய ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அளந்தது கணவாயின் தடித்த நரம்பை. நம் கடலில் பிடிபடுகிறதே, அதன் உறவுக்காரனைத்தான். அதற்கு 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின் மூளையின் அமைப்பு, செம்மறி மூளையை வெட்டிப் பார்க்கும் ஆய்வுகூடம், மருந்துகள், உறக்கம், மொழி, ஞாபகம். கடைசி வருடங்களில் விரும்பியவர் ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து வேலை செய்யலாம். எலிக்கூடு கழுவுவதிலும் ஆயிரம் படங்களில் கலம் எண்ணுவதிலும் தொடங்கும்.

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த முதற் பட்டத்தோடு மட்டும் நின்றால் தொழில் வாய்ப்புக் குறைவு. அங்கேயும் பெரும்பாலானவர்கள் அதற்குமேல் முதுமாணி, கலாநிதி அல்லது மருத்துவம் என்று போகிறார்கள். காசும் பழைய மாதிரி இல்லை. 1967 ஜனவரியில் ரொனால்ட் ரீகன் மாநில ஆளுநராக வந்த சில நாட்களிலேயே கிளார்க் கேர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1970 இல் கல்விக் கட்டணம் என்ற ஒன்று நுழைந்தது. இன்று அந்த மாநிலத்துப் பிள்ளையே வருடத்துக்கு 13,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பல மடங்கு. காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பச் சொல்லி நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். அந்த ஆசையைக் காட்டிக் காசு பறிக்கும் முகவர்களும் இருக்கிறார்கள், கவனம்.

ஆனால் மூளைக்குப் போகும் பாதை நம் அரச பல்கலைக்கழகங்களிலும் மருத்துவத்தோடு முடிவதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானம் ஒரு பட்டம். பாரிசவாதம் வந்து பேச்சிழந்தவரைத் திரும்பப் பேச வைப்பது அவர்கள் வேலை. கொழும்பிலும் பேராதனையிலும் இயன்மருத்துவம் இருக்கிறது. விஞ்ஞான பீடங்களில் விலங்கியல், புள்ளிவிபரவியல் இருக்கிறது. மெக்கோ உளவியலால் வந்தார், ஸ்டைன்ஹவுஸ் பூச்சியால் வந்தார். விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது இதையெல்லாம் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். பல வீடுகளில் மருத்துவம் தவறியதும் படிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள்.

அந்த மாணவி பிறகும் வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள், உழ்ஹிய்யா ஆட்டின் தலையோடு. வெட்டுகிற நானாவிடம் தலையைப் பிளக்க வேண்டாம் என்று சொல்லி முழுசாக வாங்கி வந்திருந்தார்கள். நம் வீட்டுப் பின் விறாந்தையில் பேப்பர் விரித்து, மூளையை உடையாமல் எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கையில் எடுத்தால் கட்டித்தயிர் மாதிரி. கவிழ்த்து வைத்தபோது அடிப்பக்கத்தில் இரண்டு கண்களின் நரம்புகளும் வந்து ஒன்றையொன்று கடக்கும் இடம் தெரிந்தது. ஒரு பக்க நரம்பு நம் அவசரத்தில் அறுந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குறுக்குக் கோடு தெளிவாகவே இருந்தது. இப்னுல் ஹைதமின் கிதாபுல் மனாழிரில் இதே இடத்தின் படம் இருக்கிறது. அவருடைய மருமகன் 1083 இல் எழுதிய பிரதி இஸ்தான்புல் சுலைமானியா நூலகத்தில் இருக்கிறது. நரம்புத் தொகுதியை வரைந்த படங்களில் இன்று கிடைக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று அது. போனில் அந்தப் படத்தை எடுத்து ஆட்டு மூளைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினோம்.

வாப்பா அதுவரை வாசற்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மெல்ல வந்து குனிந்து பார்த்தார். "அப்ப இந்தக் கண்ணால பாக்கிறது அந்தப் பக்கத்துக்கா போகுது?" என்று கேட்டார். நம்மிடம் அல்ல, மகளிடம். "ஆட்டுக்கு முக்கால்வாசிக்கு மேல அப்படித்தான் வாப்பா, நமக்குப் பாதி" என்று சொல்லிவிட்டு, பேனையை எடுத்துப் பேப்பரின் ஓரத்தில் கீறிக் காட்டத் தொடங்கினார் பிள்ளை.